குடமுருட்டிக் கரையில் கோடையும் முதுமையும்

காவிரிப் படுகையின் வரலாறு பெரும்பாலும் தண்ணீர் ஓடும் மாதங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கல்லணை, மதகு, முறைப்பாசனம், குறுவை, சம்பா, தாளடி என்று விரித்துரைக்கும் நூல்கள், ஆறு மணலாகக் கிடக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான நான்கு மாதங்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆயினும் ஓர் ஊர் தன் முதியவர்களை எவ்வாறு பேணியது, எவரைப் பேணாமல் விட்டது என்பதை அறிய அந்த நான்கு மாதங்களைப்போல் வெளிச்சம் தரும் காலம் வேறில்லை. கும்பகோணத்துக்குத் தெற்கே, காவிரியிலிருந்து பிரியும் குடமுருட்டி ஆற்றின் கரையில் அமைந்த வலங்கைமான் இந்த ஆய்வுக்குப் பொருத்தமான ஊர். நீண்ட காலம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, இன்று 1997இல் உருவான திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை, 1869இல் இங்குப் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் பெயராலும், பட்டாசுத் தொழிலாலும், பங்குனியில் நடக்கும் மகா மாரியம்மன் திருவிழாவாலும் வெளியூரார் அறிவர்.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்ட பிறகு, ஜூன் 12ஆம் நாள் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவதும் ஜனவரி 28ஆம் நாள் அணையை மூடுவதும் மரபாயின. ஆகவே படுகை வறண்டு கிடக்கும் காலமே கோடையின் காலமாகவும் அமைகிறது. அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் எடுத்தபின் மண் வெடித்துக் கிடக்க, சித்திரை பிற்பகுதியில் கத்திரி தொடங்குகிறது. அக்கினி நட்சத்திரம் என்றும் வழங்கப்படும் இக்காலம், சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் முதற்பாதத்தில் நிற்கும் ஏறத்தாழ 25 நாள்களைக் குறிக்கும். மே 4 முதல் 28 வரை என்று கொள்ளலாம். வானிலைத் துறை இப்பெயரை ஏற்பதில்லை என்றாலும், ஊர் வாழ்க்கை இந்த நாள்களைச் சுற்றியே அமைந்திருந்தது. படுகையின் வெயிலுக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. கடல் தொலைவில் இல்லாததால் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும் நாளில் புழுக்கம் ஓரளவு தணியும். மேல்காற்று வலுத்து அதைத் தடுக்கும் நாளில் இரவு வரையிலும் ஆறுதல் கிடையாது.

இத்தகைய வெப்பம் முதியவர்களையே முதலில் தாக்குவதற்கு உடலியல் காரணங்கள் உள்ளன. வயது ஏற ஏற வியர்வை சுரப்பது குறைகிறது. தாகம் என்னும் உணர்வே மங்கிவிடுவதால், உடல் வறண்ட பின்னும் தண்ணீர் கேட்கத் தோன்றுவதில்லை. வெப்பத்தை வெளியேற்றுவதற்காக இரத்தத்தைத் தோலுக்கு மிகுதியாக அனுப்ப வேண்டிய இதயம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை மேலும் குறைக்கும். பழைய வழக்கங்களில் பல, கேட்காமலே கொடுப்பதாகவும் வேளை தவறாமல் கொடுப்பதாகவும் அமைந்திருந்ததற்கு இத்தகைய உடலியல் அறிவு காரணமாக இருந்திருக்க முடியாது. ஆனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்னும் அனுபவ அறிவு அவற்றில் இருந்தது.

அந்த அனுபவ அறிவு முதலில் வழிபாட்டு நாள்காட்டியில் பதிந்தது. மாரியம்மன், மழைக்கும் வெப்பு நோய்களுக்கும் உரிய தெய்வம். அம்மை நோய் கோடையில் பரவிய காலத்தில், அவளைக் குளிர்விப்பதே ஊரைக் குளிர்விப்பதாகக் கொள்ளப்பட்டது. தஞ்சையை அடுத்த புன்னைநல்லூரில் கோடையில் அம்மன் முகத்தில் வியர்வை முத்துகள் அரும்பும் என்று அடியார்கள் நம்புகிறார்கள். சமயபுரத்தில் பக்தர்களுக்காக அம்மனே மேற்கொள்வதாகக் கருதப்படும் 28 நாள் பச்சைப்பட்டினி விரதத்தில், சமைத்த சோறு படைக்கப்படுவதில்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியவையே படையல். தெய்வத்துக்குப் படைப்பது வீட்டிலும் உண்ணப்படும் என்பதால், இந்த விரதம் ஒரு வட்டாரம் முழுவதற்கும் கோடை உணவைக் கற்பித்தது என்று கூறுவது மிகையாகாது.

வலங்கைமான் மாரியம்மன் கோயிலின் பாடைக்காவடி இவற்றினும் தனித்தன்மை உடையது. கடும் நோயிலிருந்து பிழைத்தவர் தம் வேண்டுதலை நிறைவேற்ற, ஆற்றில் நீராடி, பச்சை மூங்கிலால் கட்டிய பாடையில் பிணம்போலப் படுத்துக்கொள்ள, உறவினர் அவரைத் தோளில் சுமந்து, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்தி நடக்க, பறை முழங்கக் கோயிலை வலம் வருவார்கள். வலம் முடிந்ததும் படுத்தவர் எழுந்து நடப்பார். நோயுற்றவரைச் சுமப்பது உறவின் கடமை என்பதைப் பங்குனி வெயிலில், ஊரார் முன்னிலையில் உடலால் காட்டும் சடங்கு இது. அந்தக் கூட்டத்துக்காகத் தெருக்களில் எழும் நீர்மோர்ப் பந்தல்கள்தாம் இக்கட்டுரைக்கு மேலும் நெருக்கமான சான்று.

தண்ணீர்ப்பந்தல் என்பது வழிச்செல்வோருக்குக் குடிநீர் வழங்கும் நிழற்கொட்டகை. இதன் பழமையைச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள உக்கல் என்னும் ஊரின் திருமால் கோயிலில், முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, பெருவழியின் ஓரத்தில் கிணறும் தொட்டியும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்து, அவை தொடர்ந்து நடப்பதற்கு நெல் ஒதுக்கியதைப் பதிவு செய்கிறது. நீர் இறைப்பவர், பந்தலில் நீர் வார்ப்பவர், பானைகளைச் செய்து தருபவர் என மூன்று வகையினருக்கும் அதில் ஊதியம் உண்டு. பானை செய்பவருக்குத் தனியே ஊதியம் வைத்ததன் காரணத்தை மண்பானையின் இயல்பு விளக்குகிறது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. சில வாரங்களில் நீரின் உப்பு படிந்து துளைகள் அடைபட்டால் அதே பானை வெறும் கலமாகிவிடும். ஆகவே பந்தலுக்குப் புதுப்பானை வந்துகொண்டே இருக்க வேண்டும். பந்தலைக் கட்டுவது எளிது, நடத்துவதே அறம் என்பதை அந்தக் கல்வெட்டை வெட்டுவித்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

பந்தல் அமைக்கும் முறை பெரிதும் மாறாமலே வந்தது. மூங்கில் கால் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்து, தரையில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, பானைகள் பாதி புதையும்படி அதில் பதிப்பார்கள். பானைக்குள் ஒரு பிடி வெட்டிவேர். வெளியே ஈரத்துணிச் சுற்று. மணலுக்குக் காலையும் பகலும் தண்ணீர் தெளிப்பது பந்தல்காரரின் வேலை. நீர்மோர் என்றால், கடைந்த மோரில் ஏழெட்டுப் பங்கு தண்ணீர் சேர்த்து, உப்பு, நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கிடைத்தால் மாங்காய்த் துருவல் இட்டுக் கலக்குவார்கள். பானகம் என்றால் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு. முன்னதில் உப்பும் பின்னதில் இனிப்பும் நீரோடு சேர்கின்றன. உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த நீரைக் குடல் விரைவாக ஈர்த்துக்கொள்ளும் என்பதே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய உப்பு சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. எனினும் இந்தப் பானங்கள் எல்லா முதியவர்க்கும் எந்நாளும் ஏற்றவை என்று சொல்வதற்கில்லை. நீரிழிவு உள்ளவருக்குப் பானகமும், இதயம் தளர்ந்தவருக்கு உப்பு மிகுந்த மோரும் கேடு விளைவிக்கக்கூடும்.

தஞ்சை மராட்டிய அரசர்கள் இந்த அறத்தைச் சத்திரங்களாக விரித்தார்கள். சத்திரம் என்பது வழிப்போக்கருக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கும் அறச்சாலை. இராமேசுவரம் செல்லும் வழி நெடுகிலும் அவர்கள் பல சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜி, 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய மடலில் இச்சத்திரங்களின் பணிகளை விரித்துரைத்து, அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட வேண்டும் என்று வாதிட்டார். ஆட்சியின் பெரும்பகுதி கைநழுவிய நிலையிலும் ஓர் அரசர் எதை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. சாலையோரத்தில் தோளுயரத்துக்கு நிறுத்தப்பட்ட சுமைதாங்கிக் கற்களும் இவ்வறத்தின் எளிய வடிவங்களே. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நிறுவப்பட்ட அக்கற்களில், பிறர் கைத்துணை இல்லாமலே ஒருவர் தலைச்சுமையை இறக்கி மீண்டும் ஏற்றிக்கொள்ள முடியும். தனியே நடந்த முதியவருக்கு இதனினும் பயன்பட்ட உதவி குறைவு. பங்குனி, சித்திரையில் இராமநவமி போன்ற நாள்களில் விசிறி, குடை, செருப்பு, நீர் நிறைந்த குடம் ஆகியவற்றைத் தானமாகக் கொடுக்கும் வழக்கமும் அக்கிரகாரங்களில் நிலவியது. கோடைக்குத் தேவையானவற்றைக் கோடை முற்றுவதற்கு முன்பே வயதானோர் கையில் சேர்த்த ஏற்பாடாக அது விளங்கியது.

ஆனால் இவ்வறங்களை மனநிறைவோடு மட்டும் நினைவுகூர்வது நேர்மையாகாது. தண்ணீர் எல்லோருக்கும் ஒரே வகையில் வார்க்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் குவளை தரப்படாமல், தள்ளி நின்று ஏந்திய கையில் உயரத்திலிருந்து ஊற்றப்பட்டது. பல இடங்களில் அதுவும் இல்லை. அக்கிரகாரத்து விசிறித் தானம் சேரியின் வாசலுக்கு வந்ததில்லை. மேலும், பந்தலும் சத்திரமும் நடந்து வரக்கூடியவருக்கே பயன்பட்டன. படுக்கையில் கிடந்தவரையும் பார்வை மங்கியவரையும் காத்தவை வீட்டின் கட்டுமானமும் வீட்டில் இருந்த மனிதர்களுமே.

படுகையின் ஓட்டு வீடு வெயிலுக்கென்றே வளர்ந்த கட்டடம் என்னலாம். தெருவை ஒட்டித் திண்ணை; உள்ளே செல்லும் குறுகிய நடையாகிய ரேழி; நடுவில் வானம் பார்த்த முற்றம்; அதைச் சுற்றிக் கூடம். முற்றத்தில் ஏறும் சூடான காற்று மேலே வெளியேற, ரேழி வழியாகத் தெருக்காற்று உள்ளே இழுக்கப்படும். நாட்டு ஓட்டுக்கும் கூடத்துக்கும் இடையே மரச்சட்டங்கள்மேல் அமைத்த மச்சு என்னும் இடைத்தளம், ஓட்டின் சூட்டை மேலேயே நிறுத்தியது. திண்ணை முதியவரின் இடம். காற்றுக்காக மட்டும் அவர் அங்குப் படுக்கவில்லை; தெருவில் போவோர் வருவோர் கண்ணில் அவர் பட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமான நேரத்தில் அவர் எழவில்லையென்றால் எதிர்வீட்டாருக்குத் தெரிந்துவிடும். இன்று பேரிடர் மேலாண்மையில் பேசப்படும் அன்றாடக் கண்காணிப்பு என்னும் பணியை, எவரும் திட்டமிடாமலே திண்ணை செய்துவந்தது.

உழைப்பாளரின் குடிசைக்குத் திண்ணை குறுகியது. சில குடிசைகளுக்கு அதுவும் இல்லை. மண்சுவர், தாழ்ந்த வாசல், மேலே கீற்றும் வைக்கோலும். தை, மாசி அறுவடையில் கிடைத்த புது வைக்கோலைக் கொண்டு கோடையில் கூரை மாற்றுவது வழக்கம். கூரை தடிப்பாக இருந்தவரை அதன் உட்புறம் ஓட்டு வீட்டுக்கு ஈடான குளிர்ச்சி உடையதாக இருந்தது. ஆனால் குடிசை நின்ற மனை பண்ணையாளுக்குச் சொந்தமில்லை. பண்ணையாள் என்பவர் நில உரிமையாளரான மிராசுதாரின் நிலத்தில் ஆண்டு முழுதும் வேலை செய்யக் கட்டுப்பட்ட உழைப்பாளி. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு ஓரளவு காப்பளித்தது. குடியிருந்த மனை அவருக்கு உரிமையாவதற்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்நாளும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் வாழ்ந்தவர், தம் முதுமைக்கு நிழல் தரும் வேம்பையோ புங்கையோ வாசலில் நட்டு வளர்ப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. மரநிழலும் சொத்துரிமையோடு பிணைந்திருந்தது.

இரு வகை வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது பழையது. இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நீராகாரத்தோடு உண்ணும் இவ்வுணவு, நெல் விளையும் நாட்டில் வறியவரின் அன்றாட உணவாகவும் வசதியுள்ள வீட்டில் பாட்டிமாரின் விருப்பமாகவும் இருந்தது. அடுப்பு மூட்டாமல் கிடைப்பது, பல்லில்லாதவரும் உண்ணக்கூடியது, உப்பிட்ட நீரை ஒரு செம்பளவு வயிற்றுக்குள் சேர்ப்பது ஆகிய மூன்று நன்மைகளும் ஒருங்கே அமைந்த வேறு உணவைக் காட்டுவது கடினம்.

கீற்றுக் கூரை குளிர்ச்சி தந்தது, எரியவும் செய்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்ட 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று, வலங்கைமானிலிருந்து சில கல் தொலைவில் உள்ள கும்பகோணத்தில், பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010இல் தொடங்கியது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் படுகையின் தென்னைகளை வீழ்த்தியபோது கீற்றும் அரிதாயிற்று. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் மறுக்க முடியாத நியாயம் உண்டு. தீக்கும் புயலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் உறங்குவது ஏழையின் உரிமை. எனினும் அவை கூடி ஒரு விளைவைத் தந்தன. தாழ்வான கான்கிரீட் தளம் பகல் முழுதும் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளே இறக்கும். தகரமும் சிமெண்ட் ஷீட்டும் நண்பகலிலேயே கனலும். பகல் வெப்பத்திலிருந்து இரவில் மீள முடியாத உடலே மறுநாள் வெயிலில் சாய்கிறது என்பதால், முதியவருக்குக் கூரை மாற்றம் சிறிய செய்தி அன்று. மின்விசிறியும் முழுத் துணையாவதில்லை. காற்று உடலைவிடச் சூடாகும்போது அது சூட்டையே வீசும்.

வீடு மாறியதோடு வீட்டு மனிதர்களும் குறைந்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளைகள் சென்றபின், தெருக்களில் முதியவர் மட்டும் வாழும் வீடுகள் பெருகின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, நாட்டின் சராசரியைவிட இது மிகுதி. 1962இல் தமிழக அரசு தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், ஆதரவற்றோருக்கு ஊர் செய்துவந்த கடமையின் ஒரு பகுதியை அரசின் கடமையாக்கியது. ஆனால் அத்தொகை வாழ்வதற்குப் போதாமையால், நூறு நாள் வேலை வந்தபின் வாய்க்கால் தூர்வாரும் இடங்களில் வயதான பெண்களே மிகுதியாகக் காணப்பட்டார்கள். வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவியும் இருக்க வேண்டும் என்று அவ்வேலையை உறுதிசெய்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. கோடையில் அவ்விதியை நிறைவேற்றுவது சலுகை அன்று, உயிர்காப்பு.

வெப்பத்தால் முதியவர் இறப்பதை உலகம் காலந்தாழ்ந்தே கணக்கிட்டது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்ப அலையில் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள், பலர் தனியே வாழ்ந்தவர்கள். அதன்பின் அந்நாட்டின் ஒவ்வொரு நகராட்சியும் தனித்து வாழும் முதியவர்களின் பதிவேட்டை வைத்து, வெப்ப எச்சரிக்கை நாள்களில் அவர்களோடு தொடர்புகொள்ளும் முறை ஏற்பட்டது. இந்தியாவில் 2010 மே மாதக் கொடும் வெயிலுக்குப் பிறகு, 2013இல் அகமதாபாத் நகரம் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. பிரான்சின் பதிவேட்டுக்கு இணையானது காவிரிப் படுகையில் ஏற்கெனவே சிதறிக் கிடக்கிறது. ஓய்வூதியப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி மாத்திரை கொண்டுசெல்லும் பெண் தன்னார்வலருக்கு, எந்த வீட்டில் யார் தனியே இருக்கிறார், யாருக்கு எந்த மாத்திரை என்பது தெரியும். கத்திரி பிறப்பதற்கு முன் அவர் செல்லும் ஒரு நடையில், மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதும், பானை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும், நண்பகலில் எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்வதும் கைகூடும். கான்கிரீட் தளத்தின் சூட்டைக் குறைக்க, வறண்ட தென்னங்கீற்றை அதன்மேல் பரப்புவதைவிடச் சுண்ணாம்பு வெள்ளை பூசுவது தீக்கு அஞ்ச வேண்டாத முறை. அதன் செலவையும் ஓர் ஊராட்சி தாங்க முடியும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும், குடிநீர்ப் பந்தலுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் பேரிடர் நிதியிலிருந்து செலவிடும் வழியும் இதனால் ஏற்பட்டன. பெருவழியோரப் பந்தலுக்கு நெல் ஒதுக்கிய கல்வெட்டுக்குப் பின் ஆயிரம் ஆண்டு கழித்து, தண்ணீர்ப்பந்தல் மீண்டும் அரசு ஆவணத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் சித்திரை நண்பகலில், ஷீட்டுக் கூரையின் கீழ் தனியே படுத்திருந்த மூதாட்டி இறந்தால், அந்த இறப்பு வயதின் காரணமாக நேர்ந்ததாகவே ஊரில் சொல்லப்படுகிறது. மருத்துவர் பார்க்காமல், உடல் வெப்பம் அளக்கப்படாமல், அன்று மாலையே காரியம் முடிந்துவிடுவதால், வெப்பத்தால் இறந்தோர் கணக்கில் அவர் சேர்வதில்லை; கணக்கில் சேராத இறப்பைத் தடுக்க அடுத்த ஆண்டு நிதி கேட்பாரும் இல்லை.